பதிவில் வந்த 31 யார்?

நள்ளிரவு தாண்டி ஒரு சர்வர் முடங்கியது. இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவில் துப்பாகக் கிடைத்தது ஒரே வரி: பிராசஸ் 31, அதாவது 31 என்ற எண்ணில் ஓடும் நிரல், தவறான கோரிக்கை அனுப்பியிருக்கிறது. சர்வரில் தேடினால், 31 கெர்னலின் சொந்த இழை (த்ரெட், தனியே ஓடும் ஒரு வேலைத் தொடர்). அந்தக் கோரிக்கையை அனுப்ப அதற்கு வழியே இல்லை. ஆனாலும் அரை நாள் அதன் பின்னால் அலைந்தோம். உண்மையில் தவறு செய்தது கன்டெய்னருக்குள், அதாவது சர்வரிலேயே தனியாகப் பிரித்த ஒரு சூழலுக்குள், ஓடிய ஒரு நிரல். உள்ளே அதன் எண் 31, வெளியே ஐந்திலக்கம்.

லினக்ஸ் 2.6.24, 2008 ஜனவரியில் வந்தது. பிராசஸின் எண்ணான பிஐடியைத் தனித்தனி வட்டங்களில் வழங்கும் பிஐடி பெயர்வெளிகள் அதிலிருந்தே இருக்கின்றன. ஒரே பிராசஸுக்கு, எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். அந்தப் பதிவு வரியை எழுதிய எங்கள் டிரைவரில் (வன்பொருளை இயக்கும் கெர்னல் நிரல்) டாஸ்க்_பிஐடி_விஎன்ஆர் என்ற செயற்கூறு அழைக்கப்பட்டிருந்தது. இப்போது ஓடும் பிராசஸின் பெயர்வெளியில் தெரியும் எண்ணை அது தரும். பயனர் நிரலுக்குத் திருப்பித் தருவதற்கு அதுவே சரி. பதிவைப் படிப்பவரோ வெளியே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேண்டியது டாஸ்க்_பிஐடி_என்ஆர் தரும் பொது எண்.

இன்னும் பல டிரைவர்களில், ஒவ்வொரு பிராசஸைப் பற்றியும் கெர்னல் வைத்திருக்கும் விவரத்தில் உள்ள பிஐடி புலத்தையே நேராக எடுத்து அச்சிடுகிறார்கள். என்ஆர் செயற்கூறும் அந்தப் புலத்தைத்தான் திருப்பித் தருகிறது. அச்சாகும் எண்ணில் வித்தியாசம் இருக்காது. அதனாலேயே இதைத் திருத்தி அனுப்பினால் 'வெறும் ஒப்பனை' என்று சலித்துக்கொள்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. புலத்தை நேராக எடுத்தவர் யோசித்து எடுத்தாரா, கைப்பழக்கத்தில் எடுத்தாரா என்பது நிரலைப் பார்த்தால் தெரியாது. செயற்கூறின் பெயர் அதைச் சொல்லிவிடுகிறது.

அந்தப் புலத்தின் பெயரே ஒரு பொறி. அதில் இருப்பது இழையின் எண். வெளியே நாம் பிஐடி என்று அறிவது கெர்னலுக்குள் டிஜிஐடி, அதாவது இழைக் குழுவின் எண். பல இழைகள் ஓடும் நிரலில் இரண்டும் வேறுபடும். முழு பிராசஸையும் குறிக்க டாஸ்க்_டிஜிஐடி_என்ஆர் இருக்கிறது.

எண்ணோடு நிரலின் பெயரையும் அச்சிடுவது நல்ல வழக்கம். ஆனால் அது 15 எழுத்துகளுக்கு மேல் போகாது, நிரலே அதை மாற்றிக்கொள்ளவும் முடியும். அதை மட்டும் நம்பி எந்த பிராசஸையும் கொன்றுவிடாதீர்கள்.

வன்பொருள் குறுக்கிட்டு அனுப்பும் சமிக்ஞையான இன்டரப்டைக் கையாளும் இடத்தில் மட்டும் எந்தச் செயற்கூறும் உதவாது. இப்போது ஓடும் பிராசஸைக் கெர்னல் 'கரண்ட்' என்று குறிக்கும்; அங்கே அது அந்த நொடியில் சிபியுவில் தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு பிராசஸ். திருத்த வரும் நிரல்களில் அப்படிப்பட்ட வரியைக் கண்டால், செயற்கூறை மாற்றச் சொல்வதில்லை; எண்ணையே நீக்கச் சொல்கிறேன்.