மிருதங்கத்தின் தொப்பி எங்கே போனது?

கல்லூரியில் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நானும் என் தங்கையும் ஒரே கடையில் ஒரே மாடல் இயர்போனை ஆளுக்கொன்று வாங்கினோம். தனி ஆவர்த்தனம் கேட்டால் அவளுக்கு மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறதாம். எனக்கு வலக்கைப் பக்கமான வலந்தலை மட்டும்தான் கேட்கிறது, இடக்கைப் பக்கமான தொப்பியின் தாழ்ந்த கும்காரம் அடியோடு காணவில்லை. இருவரும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அப்போதும் அவளுக்குக் கேட்கிறது, எனக்கு இல்லை. என் காதில் ஏதாவது கோளாறா?"

கோளாறு இல்லை. மாற்றிப் போட்டுப் பார்த்தபோதே பாதி ஆராய்ச்சியை அவர்கள் முடித்துவிட்டார்கள். கருவியை மாற்றிய பிறகும் குறை ஆளோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால், காரணம் கருவிக்கும் காதுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே இருப்பது சில ரூபாய் பெறுமானமுள்ள சிலிகான் டிப். மலிவு விலை இயர்போன்களில் எது நல்லது என்று நடக்கும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த டிப்பைப் பற்றியவை என்பது என் உறுதியான எண்ணம். வாதம் செய்பவர்கள் அதை அறிவதில்லை, அவ்வளவுதான்.

இயர்போனுக்குள் நடப்பது பள்ளியில் படித்த பாடம். காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருள், அதில் மின்னோட்டம், சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. மின்னோட்டம் மாற மாறச் சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. ஒலிபெருக்கியும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் பத்து மில்லிமீட்டர் சவ்வு ஒன்று தவிலின் அடியையும் மிருதங்கத்தின் தொப்பியையும் எப்படித் தருகிறது? மேடையில் இதே வேலைக்குப் பெரிய பெட்டிகள் வேண்டியிருக்கின்றனவே?

50 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொள்வோம். காற்றில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். நம் செவிக்குழாயின் நீளமோ சுமார் 2.5 சென்டிமீட்டர். ஏழு மீட்டர் அலை ஓடுவதற்கு இந்தக் குழாயில் இடம் ஏது? அது ஓடுவதே இல்லை. சவ்வு முன்னே வரும்போது அடைபட்ட காற்று முழுவதும் ஒரே நேரத்தில் அழுந்துகிறது, பின்னே போகும்போது முழுவதும் ஒரே நேரத்தில் தளர்கிறது. செவிப்பறைக்கு அந்த ஏற்ற இறக்கமே போதும், அதையே அது ஒலியாக உணர்கிறது. தாழ்ந்த அதிர்வெண்களில் இயர்போன் ஒரு குட்டிக் காற்றழுத்தி.

எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 94 டெசிபல் என்பது நல்ல உரத்த ஒலி. அதற்கு வேண்டிய அழுத்த மாற்றம் 1 பாஸ்கல். வளிமண்டல அழுத்தம் சுமார் 1,01,325 பாஸ்கல். வேகமாக அழுத்தப்படும் காற்று இன்னும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதற்காக 1.4-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஆக, காற்றின் கன அளவில் ஏறத்தாழ 1,42,000-இல் ஒரு பங்கைக் குறைத்தால் 1 பாஸ்கல் கிடைத்துவிடும். செவிக்குழாயிலும் இயர்போனின் முன்னறையிலுமாக 2 கன சென்டிமீட்டர் காற்று இருக்கிறது என்றும், சவ்வின் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். சவ்வு நகர வேண்டிய தூரம் 0.3 மைக்ரோமீட்டருக்கும் சற்றுக் குறைவு! தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரோமீட்டர் என்றால், அதில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு.

இதே 50 ஹெர்ட்ஸ் ஒலியை இதே உரப்பில், திறந்த வெளியில் ஒரு மீட்டர் தள்ளி நிற்பவருக்குக் கொடுக்க வேண்டுமானால், ஒலிபெருக்கி சுமார் 100 கன சென்டிமீட்டர் காற்றை முன்னும் பின்னும் தள்ளியாக வேண்டும். இயர்போன் தள்ளுவது ஒரு கன மில்லிமீட்டரில் எழுபதில் ஒரு பங்கு. எழுபது லட்சம் மடங்கு வித்தியாசம். இருபது டாலர் இயர்போனில் நல்ல பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கிடைப்பதன் ரகசியம் இதுதான். விலை உயர்ந்த காந்தமோ அபூர்வ உலோகச் சவ்வோ இதற்குக் காரணமில்லை. காற்று அடைபட்டிருப்பதுதான் காரணம்.

அடைப்பு கொஞ்சம் விட்டுப்போனால்? சைக்கிள் பம்பின் வாயில் விரலை இறுக்காமல் லேசாக வைத்துப் பிடியை மெதுவாக இறக்குங்கள். காற்று சத்தமில்லாமல் விரலிடுக்கில் வெளியேறிவிடும், கைக்கு எதிர்ப்பே தெரியாது. சட்டென்று குத்துங்கள். அதே இடுக்கு இருந்தும் பிடி முட்டிக்கொண்டு நிற்கும். காற்றுக்கும் நிறை உண்டு, பிசுக்கும் உண்டு, குறுகிய வழியில் வெளியேற அதற்கு நேரம் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒவ்வொரு அழுத்தமும் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நீடிக்கிறது. தப்பித்துப் போக அது தாராளமான அவகாசம். 3,000 ஹெர்ட்ஸில் கிடைப்பது ஆறாயிரத்தில் ஒரு பங்கு நொடி. காற்று கிளம்புவதற்குள் சவ்வு திரும்பிவிடுகிறது.

டிப்புக்கும் தோலுக்கும் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு இருந்தால் போதும், பாடகரின் குரல், வயலின், வலந்தலையின் 'நம்', 'தீம்' எல்லாம் அப்படியே இருக்க, கீழே உள்ளவை மட்டும் வடிந்துபோகும். தொப்பியின் ஒலியைத் தாழ்த்துவதற்காகத்தான் வித்வான்கள் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அதன் நடுவில் ஒட்டுகிறார்கள். அவ்வளவு அக்கறையோடு தாழ்த்தப்பட்ட ஒலிதான் அந்த இடுக்கு வழியாக முதலில் காணாமல் போகிறது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இயர்போன்களை மாட்டிக்கொண்டு, பாட்டு எதுவும் ஓடாமல், வாயை மூடி 'ம்...' என்று இழுங்கள். முனகல் தலைக்குள் முழங்கி, நடுவில் நின்றால் இரு பக்கமும் அடைப்பு சரி. ஒரு பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்தில் கசிவு இருக்கிறது. பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். பேஸ் கூடினால் அதுவும் கசிவுக்கு அடையாளம். காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகினால் வளைந்த செவிக்குழாய் சற்று நேராகி டிப் ஒழுங்காக அமரும். அப்படியும் கசிந்தால் அளவை மாற்ற வேண்டும். பெட்டியில் கூடவே வரும் சிறியதையும் பெரியதையும் நம்மில் பலர் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. இடது காதுக்கும் வலது காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது மிகச் சாதாரணம். பெரியது என்றால் நன்றாக அடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறிப் பெரிதானால் சிலிகான் மடிந்துகொள்ளும், அந்த மடிப்பே கசிவு வழியாகிவிடும்.

அடைப்பு சரியான பிறகுதான் ஒப்பீடு என்ற பேச்சுக்கே இடம். அப்போது தெரியும் வித்தியாசம் பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில் இருக்கும். திறந்த காதில் செவிக்குழாய் ஒரு பக்கம் மூடிய குழல், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிர்வு கொள்ளும். அந்தப் பகுதியைச் செவியே 10 டெசிபலுக்கு மேல் உயர்த்திக் கொடுக்கிறது, பிறந்த நாள் முதல் நாம் உலகத்தை அப்படித்தான் கேட்கிறோம். இயர்போனைச் செருகியதும் குழாயின் வாய் மூடிவிடுகிறது, இயற்கையான அந்த ஏற்றம் போய்விடுகிறது. ஆகவே இயர்போனே அதைத் தயாரித்துக் கொடுக்க வேண்டும். எவ்வளவு என்பதைத்தான் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பலரைக் கேட்கவைத்துச் சோதித்து, ஓர் இலக்குக் கோடாக வெளியிட்டார்கள். இன்று மலிவு விலை இயர்போன் செய்பவர்களில் பலர் அந்தக் கோட்டை ஒட்டியோ சற்று விலகியோதான் தங்கள் கருவிகளைச் சரிசெய்கிறார்கள்.

சுமார் 20 டாலர் விலையில் அறிமுகமாகிப் பெயர் பெற்ற மூன்றை எடுத்துக்கொள்ளலாம். மூன்ட்ராப் சூ, 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ இரண்டிலும் பத்து மில்லிமீட்டர் சவ்வு ஒன்றே ஒன்று. கேஇசட் இசட்எஸ்என் ப்ரோ எக்ஸில் அதே அளவுச் சவ்வோடு மேல் ஒலிகளுக்கென்று தனியாக ஒரு நுண்கருவி. என் காதுக்கு மூன்ட்ராப் சூ வயலினையும் தம்புராவின் ஜீவா நூல் எழுப்பும் ரீங்காரத்தையும் மிகத் துலக்கமாகத் தருகிறது, ஆனால் அதன் உலோக உடல் கனம். ஜீரோ சமநிலையானது, அடியில் கொஞ்சம் தாராளம், பிளாஸ்டிக் உடல் என்பதால் இலகு. ப்ரோ எக்ஸ் கீழும் மேலும் எடுத்துக் கொடுத்து நடுவைப் பின்னே தள்ளுகிறது. திரைப்பாடலின் தாளத்துக்கு அது பொருந்தும், குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க விரும்புபவர்களுக்குப் பொருந்தாது. கர்நாடக இசைக்கு நான் ஜீரோவை எடுப்பேன்.

இன்னும் பல மடங்கு செலவழித்தால் இன்னும் நன்றாக இருக்குமா? 2017-இல் யெரூன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்து, அதிர்வெண் வாரியான ஒலியளவுக்கும் சில்லறை விலைக்கும் தொடர்பு இல்லை என்று காட்டினார். கூடுதல் விலையில் நல்ல கேபிளும் நேர்த்தியான வேலைப்பாடும் கிடைக்கலாம். ஒலி கிடைத்தே தீரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

காதுக்கு உறுத்தாமல் இருப்பது தனிப் பிரச்சினை. செவிக்குழாயின் வெளிப்பகுதி குருத்தெலும்பு, உட்பகுதி எலும்பு. எலும்பின் மேலிருக்கும் தோல் மிக மெல்லியது, கொஞ்சம் அழுத்தினாலும் வலிக்கும். குழாயின் வாய் வட்டமாகவும் இருப்பதில்லை, நீள்வட்டம். வட்டமான டிப்பை அதில் திணிக்கும்போது ஓரிடத்தில் அழுத்தமும் மற்றோர் இடத்தில் இடைவெளியும் வருவது இயல்பு. ஒரு மணி நேரத்தில் வலிக்கத் தொடங்கினால் குற்றவாளி அந்த ஓரிடம்தான். மேலும், தாடை மூட்டு செவிக்குழாயின் முன்சுவரை ஒட்டியே இருக்கிறது. மெல்லும்போதும் பேசும்போதும் குழாயின் வடிவமே மாறுகிறது, சரியாக அமர்ந்த டிப்பும் அப்போது நழுவும். சிலருக்கு டிப்பை உள்ளே விட்டதும் இருமல் வரும். வேகஸ் நரம்பின் கிளை ஒன்று செவிக்குழாய் வரை வந்திருப்பதால் நேர்வது அது, பயப்பட ஒன்றுமில்லை. சிலிகான் ஒத்துவராதவர்கள் நுரை டிப்பை முயலலாம். விரலால் நசுக்கிச் செருகி, அரை நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தால் குழாயின் வடிவத்துக்கு விரிந்துகொள்ளும். தோலில் அழுத்தம் பரவலாக விழுவதால் உறுத்தல் குறையும். ஆனால் வியர்வையிலும் அழுக்கிலும் சீக்கிரம் கெட்டுவிடும்.

இயர்போனோடு முறுக்குக் கடித்தவர்களுக்கு இன்னொரு தொல்லை தெரிந்திருக்கும். கடிக்கும் ஓசை தலைக்குள் இடிபோல் ஒலிக்கும், நடந்தால் ஒவ்வோர் அடியும் கேட்கும். எலும்பின் வழியே வரும் அதிர்வு குருத்தெலும்புச் சுவரை அசைக்கிறது. திறந்த காதில் அந்த அழுத்தம் வெளியே போய்விடும். அடைத்த காதில் போக வழியில்லை. தொப்பியைக் காப்பாற்றும் அதே அடைப்புதான் முறுக்கையும் பெருக்கிக் காட்டுகிறது. 1991-இல் வந்த எட்டிமோட்டிக் ஈஆர்-4 போன்ற கருவிகளை மூன்றடுக்கு டிப்போடு ஆழமாகச் செருகினால் இந்த முழக்கம் குறையும், ஏனென்றால் அசையும் குருத்தெலும்புப் பகுதியைத் தாண்டி டிப் போய்விடுகிறது. எல்லோராலும் அந்த ஆழத்தைத் தாங்க முடியாது.

ஒரு மூடநம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புது இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி 'திறக்கும்' என்று கடைக்காரர்கள் முதல் விமர்சகர்கள் வரை சொல்கிறார்கள். அந்த நூறு மணி நேரத்தில் நீங்கள் டிப்பைச் சரியாகச் செருகப் பழகுகிறீர்கள், உங்கள் மூளை அந்த ஒலிக்குப் பழகுகிறது. டிப் ஒரு மில்லிமீட்டர் விலகினால் வரும் மாற்றத்துக்கு முன்னால், சவ்வு 'பழகுவதால்' வருவதாகச் சொல்லப்படும் மாற்றம் ஒன்றுமே இல்லை. கேபிளுக்கு வெள்ளி முலாம் பூசினால் இனிமை கூடும் என்பதும் இந்த வகைதான். பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை வாங்கியவரைக் காத்திருக்க வைப்பதற்கு இத்தகைய நம்பிக்கைகள் மிக வசதியானவை. அதனால்தான் எனக்கு இவற்றின் மேல் கோபம்.

பணம் செலவாக வேண்டிய இடம் வேறு. ஹெட்போன், செவித்துணைக் கருவி ஆராய்ச்சிகளில் பெரிதும் பயன்பட்ட, சராசரி மனிதரின் அளவுகளில் செய்யப்பட்ட கீமார் என்ற பொம்மை மனிதன் 1972-இல் அமெரிக்காவில் நோல்ஸ் நிறுவனம் உருவாக்கியது. சராசரிக் காது என்று நாம் பேசும்போது யாருடைய சராசரி என்று கேட்க வேண்டும். மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. பல வயதினர், பல ஊர்க்காரர்களின் செவிக்குழாய்களை ஆயிரக்கணக்கில் முப்பரிமாணத்தில் அளந்து, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும். இயர்போனைவிடச் செவித்துணைக் கருவிகளுக்கு அது உதவும். சரியாக அமராத காரணத்தால் கருவியை மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருக்கும் முதியவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

அடைப்பு சரியாக இருப்பதில் இன்னொரு பெரிய லாபமும் இருக்கிறது. பஸ்ஸுக்குள் இரைச்சல் புகுந்தால் கை தானாக ஒலியைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. நன்றாக அமர்ந்த டிப் இரைச்சலைத் தடுத்து, 89-இல் கேட்டுக்கொண்டிருந்தவர் 80-க்கு இறங்க முடிந்தால், வாரம் 5 மணி நேரம் என்பது 40 மணி நேரமாகிவிடுகிறது. அந்த அடைப்பு ஹார்ன் சத்தத்தையும் தடுக்கும். ரயில் தண்டவாளத்தையோ சாலையையோ கடப்பதற்கு முன் இரண்டு காதிலிருந்தும் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.