பைத்தான் அர்ரே: 'எல்' என்று போடும் முன்

பைத்தானில் எண்களைச் சேர்த்து வைக்க எல்லோரும் லிஸ்ட்தான் போடுகிறோம். எண்கள் லட்சக்கணக்கில் வந்து மெமரி முட்டும்போதுதான், ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே அர்ரே என்றொரு மாட்யூல் இருப்பது யார் கண்ணிலாவது படுகிறது. தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மாற்றிப் போட்டதும் மெமரி மளமளவென்று இறங்கும், டீமில் எல்லோருக்கும் சந்தோஷம். வம்பு பிறகு வரும், அதுவும் எரர் எதுவும் காட்டாமல் வரும்.

மெமரி குறைவதன் கணக்கு எளிது. 64 பிட் கணினியில் லிஸ்ட் வைத்திருப்பது முகவரிகளை மட்டும்தான். ஒரு முகவரிக்கு 8 பைட். அந்த முகவரியில் உட்கார்ந்திருக்கும் தசம எண் தனி ஆப்ஜெக்ட், அதற்கு 24 பைட். 10 லட்சம் தசம எண்களுக்கு 3.2 கோடி பைட் ஆகிவிடும். அதையே அர்ரேயில் 'டி' என்ற டைப் எழுத்தோடு (என்ன வகை எண், எத்தனை பைட் என்று அர்ரேக்குச் சொல்லும் எழுத்து; 'டி' என்றால் 8 பைட் தசம எண்) வைத்தால் 80 லட்சம் பைட்தான். நாலில் ஒரு பங்கு.

வேகமும் கூடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். அர்ரேயிலிருந்து ஓர் எண்ணை எடுக்கும்போதெல்லாம் பைத்தான் அதற்குப் புதிதாக ஓர் ஆப்ஜெக்ட் செய்து கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. லிஸ்டில் அது ஏற்கெனவே தயாராக இருக்கிறது. அதனால் லூப் போட்டுக் கூட்டினால் பல நேரம் லிஸ்ட்தான் முந்தும். கணக்குப் போடுவதுதான் முக்கிய வேலை என்றால் நம்பை (எண் தொகுப்புகளில் வேகமாகக் கணக்குப் போடும் தனி லைப்ரரி) பக்கம் போய்விடுங்கள். நிறைய எண்களைச் சேர்த்து வைக்க, ஃபைலில் எழுத, இன்னொரு புரோகிராமுக்குத் தள்ளிவிட அர்ரே போதும்.

இனி அந்த டைப் எழுத்துகள். என்னிடம் ரிவ்யூவுக்கு வரும் கோடில் நான் முதலில் தேடுவது சின்ன 'எல்' எழுத்தைத்தான். லாங் என்று பெயர் இருப்பதால் பெரிய எண்ணுக்கு இதுதான் சரி என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் இதன் அளவை முடிவு செய்வது பைத்தான் இல்லை, கீழே இருக்கும் சி கம்பைலர். ஆவணத்தில் 'குறைந்தது 4 பைட்' என்றுதான் இருக்கும். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் அது 8 பைட், விண்டோஸில் 4 பைட்.

இது எப்படி உதைக்கும் என்பதை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தேன். மின்சார மீட்டர் அளவீடுகளை லினக்ஸ் சர்வரில் 'எல்' போட்டு ஃபைலில் எழுதியிருந்தார்கள். டீமில் ஒரு தம்பி அதை விண்டோஸ் லேப்டாப்பில் மொத்த பைட்டாக வாங்கி, அதே எழுத்தில் அர்ரேயாக்கி அறிக்கை எடுத்தான். "அண்ணா, கூட்டிப் பார்த்தா டேலி ஆகுது, சராசரி மட்டும் பாதியா வருதே, எப்படிண்ணா?" என்று வந்து நின்றான்.

முதல் சில எண்களை அச்சிடச் சொன்னதுமே விஷயம் புரிந்துவிட்டது. 1, 2, 3 என்று எழுதியது 1, 0, 2, 0, 3, 0 என்று வந்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒன்று விட்டு ஒன்று சுழியம். 8 பைட் எண் ஒவ்வொன்றையும் விண்டோஸ் இரண்டு 4 பைட் எண்களாக வாசித்திருக்கிறது. சின்ன எண் என்பதால் மேல் பாதி முழுக்கச் சுழியம். கூட்டுத்தொகை மாறாது, எண்ணிக்கை இரட்டிப்பாகும், சராசரி பாதியாகும். கூட்டுத்தொகையை மட்டும் சரிபார்க்கும் டெஸ்ட் இதைக் காலம் முழுக்கப் பாஸ் செய்துகொண்டே இருந்திருக்கும். நடுவில் மைனஸ் எண் வந்திருந்தால் குட்டு உடனே உடைந்திருக்கும்: மைனஸ் 5 என்பது மைனஸ் 5, மைனஸ் 1 என்று இரண்டாகப் பிரியும்.

பெரிய முழு எண் வேண்டுமென்றால் 'கியூ' போடுங்கள். அது எல்லா இடத்திலும் 8 பைட். சந்தேகம் இருந்தால் ஐட்டம்சைஸ் என்ற பண்பைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பைட் என்று சொல்லிவிடும். நம்பையும் இந்த விண்டோஸ் தொல்லையைப் பல வருடம் சுமந்தது. 2024இல் வந்த 2.0 பதிப்பில்தான் விண்டோஸிலும் முழு எண்ணை 64 பிட்டாக மாற்றினார்கள். இன்னொரு கூத்து: எண்களைப் பைட்டாக்கித் தரும் ஸ்ட்ரக்ட் மாட்யூலில் முன்னால் 'விடச் சிறியது' குறி (<) போட்டால் அதே 'எல்' எங்கேயும் 4 பைட்தான். ஒரே லைப்ரரி, ஒரே எழுத்து, இரண்டு அளவு. யாரைப் போய்க் கேட்பது!

ஃபைலில் எழுதும் டுஃபைல் வெறும் பைட்டுகளை மட்டும் கொட்டுகிறது. எந்த டைப், எத்தனை எண், எந்தப் பைட் முதலில், எதுவும் உள்ளே இருக்காது. நம் கணினிகள் பெரும்பாலும் எண்ணின் சின்ன மதிப்புள்ள பைட்டை முதலில் வைப்பவை. மாட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறையில் பேசும் தொழிற்சாலைக் கருவிகள் பெரிய மதிப்புள்ள பைட்டை முதலில் அனுப்பும். 230 வோல்ட் என்று மீட்டர் அனுப்பிய 2 பைட்டை அப்படியே வாசித்தால் 58,880 வோல்ட் என்று திரையில் நிற்கும். அதற்கு, பைட் வரிசையைத் திருப்பிப் போடும் பைட்ஸ்வாப் இருக்கிறது. ஆனால் அது அர்ரேயையே மாற்றிவிடும். தெரியாமல் இரண்டு முறை கூப்பிட்டால் பழையபடி 58,880. நாளை வேறொருவர் திறக்கக்கூடிய ஃபைல் என்றால், தொடக்கத்தில் டைப், எண்ணிக்கை, பைட் வரிசை மூன்றையும் நாமே எழுதிவைப்பது நல்லது.

பணத்துக்கு 'எஃப்' போட்டிருந்தால் நான் அந்த கோடை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவேன். அது 4 பைட் தசம எண், சுமார் ஏழு இலக்கம்தான் தாங்கும். 2,00,000.10 ரூபாயை உள்ளே போட்டு வெளியே எடுங்கள், 2,00,000.09375 என்று வரும். 2,62,144 ரூபாயைத் தாண்டினால் மூன்று பைசாவுக்கும் குறைவான வித்தியாசத்தை அதனால் பிரித்துச் சொல்லவே முடியாது. முழு ரூபாயாகவே வைத்தாலும் 1,67,77,217 என்பது 1,67,77,216 ஆகிவிடும். எதற்கும் எச்சரிக்கை கிடையாது. பைசாவாக மாற்றி 'கியூ'வில் முழு எண்ணாக வையுங்கள்.

முழு எண் விஷயத்தில் இந்த மாட்யூல் நியாயமாகவே நடந்துகொள்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1 பைட் அர்ரேயில் 300 போடப் பார்த்தால் ஓவர்ஃப்ளோ எரர் தந்து நின்றுவிடும். ஜாவாஸ்கிரிப்டின் 8 பிட் டைப்டு அர்ரே அதே 300ஐ 44 ஆக்கி வாய் திறக்காமல் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து வருபவர்களுக்கு இந்த எரர் எரிச்சலாக இருக்கும். அதை டிரை-எக்செப்ட் போட்டு அமுக்கிவிடாதீர்கள், பெரிய டைப்புக்கு மாற்றுங்கள்.

நம்பையிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. இங்கே இரண்டு அர்ரேக்களுக்கு நடுவில் பிளஸ் போட்டால் எண்கள் கூடாது, ஒன்றின் வாலில் இன்னொன்று ஒட்டிக்கொள்ளும். இரண்டால் பெருக்கினால் அதே எண்கள் இன்னொரு தடவை வரிசையாக வரும்.

மெமரிவியூ (நகலெடுக்காமல் அதே மெமரியைப் பார்க்கும் வழி) போட்டு அர்ரேயின் ஒரு பகுதியை வேறு ஃபங்ஷனுக்குக் கொடுத்திருந்தால், அது விடுபடும்வரை அப்பெண்ட் செய்ய முடியாது. பஃபர் எரர் வரும். அதைப் பார்த்து பயந்து முழு அர்ரேயையும் நகலெடுக்கப் போகாதீர்கள், மெமரிவியூவில் ரிலீஸ் என்றொரு மெத்தட் இருக்கிறது.