அழுத்துவதில் பாதி, விடுவதில் பாதி

அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமம் ஒன்றில் ஒருவர் திடீரென்று சரிந்து விழுகிறார். தட்டிக் கூப்பிட்டாலும் பதில் இல்லை, மூச்சும் இல்லை. 108-ஐ அழைத்தாயிற்று. ஆனால் வண்டி மலைப்பாதையில் ஏறி வந்து சேர வேண்டும். இரத்த ஓட்டம் நின்றால் நான்கைந்து நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடும். அருகில் இருப்பவரின் கைகளே அதுவரைக்கும் சிகிச்சை.

நெஞ்சை அழுத்தினால் நின்ற இதயம் விழித்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. திடீர் இதய நிறுத்தத்தில் பல வேளைகளில் மின்துடிப்புகள் தாறுமாறாகி, இதயக் கீழறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். அதைச் சீராக்க மின்னதிர்ச்சி தரும் கருவி வேண்டும். அது வரும்வரை கைகளால் இரத்தத்தை ஓட்டுவதுதான் சிபிஆர். நன்றாகச் செய்தாலும் இயல்பான ஓட்டத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். உயிரைப் பிடித்து வைத்திருக்க அதுவே பெரிய உதவி.

மார்பின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். கயிற்றுக் கட்டிலில் கிடந்தால் தரையில் இறக்கிவிடுங்கள். கட்டில் தொய்ந்து அழுத்தத்தை விழுங்கிவிடும்.

அழுத்தும்போது இரத்தம் மூளைக்குப் போகிறது. கையைத் தளர்த்தி மார்பு முழுதாக மேலெழும்போதுதான் இதயம் மீண்டும் நிரம்புகிறது. இதயத் தசைக்கே உணவளிக்கும் குழாய்களில் இரத்தம் பாய்வதும் பெரிதும் அந்த நொடியில்தான். களைப்பில் மார்பின் மேல் சாய்ந்தே இருந்தால் இதயம் பட்டினி கிடக்கும். இடையில் நிறுத்துவதும் அப்படித்தான். தொடர்ந்து அழுத்தி அழுத்திச் சேர்த்த இரத்த அழுத்தம் சில நொடிகளில் சரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டும். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், சட்டென்று மாறுங்கள். விலா எலும்பு முறிந்தாலும் நிறுத்தக் கூடாது.

1960-க்கு முன்பு மருத்துவர்கள் மார்பைத் திறந்து இதயத்தைக் கையால் பிசைந்தார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில், நாயின் மார்பில் மின்னதிர்ச்சிக் கருவியின் தகடுகளை அழுத்தி வைத்தபோதே இரத்த அழுத்தம் உயர்வதை நிக்கர்பாக்கர் என்ற ஆய்வாளர் கவனித்தார். கவன்ஹோவன், ஜூட் ஆகியோருடன் சேர்ந்து 1960-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இந்த முறையை உலகுக்குக் கொண்டுவந்தது.

என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. விழுந்தவர் சில நேரம் வாயைத் திறந்து, விட்டுவிட்டு மூச்சை இழுப்பார். "மூச்சு வருகிறது" என்று சுற்றி நிற்பவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். அது உயிர்மூச்சு அல்ல. உடனே அழுத்தத் தொடங்க வேண்டும்.

ஒகேனக்கல் காவிரியில் மூழ்கியவரின் நிலை வேறு. திடீரென்று இதயம் நின்றவரின் இரத்தத்தில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கும். அதனால் முதல் சில நிமிடங்களுக்கு அழுத்தம் மட்டுமே போதும். மூழ்கியவருக்கோ ஆக்ஸிஜன் தீர்ந்த பிறகுதான் இதயம் நிற்கிறது. மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சை ஊத வேண்டும், பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு என்று தொடர வேண்டும். தலையில் தூக்கி வைத்துச் சுற்றுவதும், தண்ணீரை எடுக்க வயிற்றை அமுக்குவதும் நேரத்தைத் தின்னும். வயிற்றை அமுக்கினால் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. பரிசல் ஓட்டுபவர்களுக்கும் ஆற்றங்கரையில் மீன் வறுத்து விற்பவர்களுக்கும் இந்தப் பயிற்சியை முதலில் கொடுக்க வேண்டும். ஆற்றிலிருந்து ஒருவரைத் தூக்கும்போது பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான்.