ஒன்றரைக் கோடி வரியில் ஒரு கதிர்

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் அண்ணன் ஒருவர் பென்டிரைவோடு வந்தார். "எக்செல்ல தொறந்தா சுத்திக்கிட்டே கெடக்குது கண்ணு. பதினேழாம் ஃபிரேம்ல எந்தக் கதிர்ல நூல் அதிகமா அறுந்து போகுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு."

உள்ளே இருந்தது ஒரே ஒரு டெக்ஸ்ட் ஃபைல். 20 ஃபிரேம்கள் (நூல் நூற்கும் மெஷின்கள்), ஒவ்வொன்றிலும் 1,008 கதிர்கள் (நூல் சுற்றும் ஸ்பிண்டில்கள்), கதிருக்கு மணிக்கொரு வரி. 31 நாளைக்குப் பெருக்கினால் ஒன்றரைக் கோடியைத் தொடும். நூல் அறுந்தால் எழுதும் வரிகள் தனி. எக்செலின் ஒரு தாளில் 10,48,576 வரிகள்தான் கொள்ளும். இந்த மில்லுக்கு அது இரண்டு நாள் கணக்குக்குச் சற்றே கூட, அவ்வளவுதான்.

எக்செல் திணறுவதற்குக் காரணம் ஃபைலின் நீளம் மட்டுமில்லை. முழுவதையும் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொண்டால்தான் அதற்கு வேலை ஓடும். இது பழைய சிக்கல். 1970களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லீ மெக்மஹோன் என்பவர், 'ஃபெடரலிஸ்ட்' என்ற 85 அரசியல் கட்டுரைகளில் சொற்களைத் தேட நினைத்தார். அங்கிருந்த 'எட்' எடிட்டருக்குள் அத்தனை எழுத்தும் அடங்கவில்லை. கென் தாம்ப்சன் எடிட்டரிலிருந்து தேடும் பகுதியை மட்டும் பிரித்துத் தனி நிரலாக்கினார். அதுதான் கிரெப். 'எட்' எடிட்டரில் 'ஃபைல் முழுக்க, இந்த வடிவம் உள்ள வரிகளை, அச்சிடு' என்று கட்டளையிட அடிக்கும் எழுத்துகளே அதன் பெயராகிவிட்டன.

கிரெப் ஃபைலைத் திறந்து வைத்துக்கொள்வதில்லை. வட்டிலிருந்து ஒரு கைப்பிடி எழுத்துகளை எடுக்கும், தேடிய சொல் உள்ள வரியை வெளியே தள்ளும், மற்றதை மறந்துவிட்டு அடுத்த பிடிக்குப் போகும். 600 எம்பி ஃபைலானாலும் 60 ஜிபி ஆனாலும் அதன் கையில் இருப்பது கொஞ்சம்தான். கூடுவது நேரம் மட்டுமே.

அந்த நேரத்தையும் மிச்சம் பிடிக்க ஒரு தந்திரம் உண்டு. 1977இல் பாயர், மூர் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் வெளியிட்டது. 'அறுப்பு' என்ற சொல்லைத் தேடுவதாக வைத்துக்கொள்வோம் (மெஷின் எழுதுவது ஆங்கிலச் சொல்தான், கணக்கு ஒன்றே). அ, று, ப், பு என்று நான்கு எழுத்து. சொல்லை வரியின் மேல் வைத்து, முதல் எழுத்தை விட்டுவிட்டுக் கடைசி எழுத்துக்கு நேராக இருப்பதைப் பார். அங்கே 'மை' இருந்தால்? 'அறுப்பு'வில் 'மை' எங்குமே கிடையாது. ஆகவே அந்த 'மை'யைத் தொட்டுக்கொண்டு சொல் எங்கும் உட்கார முடியாது. நான்கு எழுத்தையும் ஒரே தாவாகத் தாண்டிவிடலாம். நடுவில் இருந்த மூன்று எழுத்துகளைப் படிக்கவே இல்லை! தேடும் சொல் நீளமானால் தாவலும் நீளம். நீளமான சொல்லைத் தேடினால் நேரம் கூடும் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

சரி, அறுப்பு வரிகள் மட்டும் வந்துவிட்டன. அடுத்து ஃபிரேம் 17. இங்கே கிரெப் போதாது. 17 என்று தேடினால் மாலை ஐந்து மணி வரிகளும் 17ஆம் தேதி வரிகளும் சேர்ந்து வந்து நிற்கும். எண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க 'ஆக்' என்ற இன்னொரு நிரல் வேண்டும். காற்புள்ளி கண்ட இடத்தில் வரியை வெட்டி, மூன்றாம் துண்டு 17ஆ, ஐந்தாம் துண்டு 'அறுப்பு'தானா என்று கேட்கும். ஆமென்றால் அந்தக் கதிரின் பேரில் ஒரு கோடு. அது நினைவில் வைப்பது அதிகம் போனால் 1,008 எண்கள்.

ஒன்றின் வெளியீட்டை அடுத்ததன் வாயில் விடுவது 'பைப்'. தோட்டத்து ஹோஸைப் போல நிரல்களை இணைக்க வேண்டும் என்று அதே பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964இலேயே எழுதினார். அங்கே உருவான யூனிக்ஸ் இயங்குதளத்தில் அது வந்தது 1973இல். மில்காரர்களுக்கு ஹோஸ் உதாரணம் தேவையில்லை. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில் தூசி நீங்கிய பஞ்சு, குழாய்க்குள் காற்றோடு அதைச் சீவும் கார்டிங்குக்குப் போவதுதான் பைப். கார்டிங்கைத் தாண்டியதும் கேனில் நிரப்பித் தள்ளிக்கொண்டு போகிறார்களே, அது இடையில் தற்காலிக ஃபைல் எழுதுவது போல.

ஓட்டினேன். ஒன்றுமே வரவில்லை. கிரெப்பின் கண்ணுக்குத் தெரிந்த 'அறுப்பு' ஆக்குக்குத் தெரியவில்லை. அரை மணி நேரம் போனபின்தான் உறைத்தது: ஃபைலை எழுதியது விண்டோஸ். அது வரி முடிவில் இரண்டு குறிகளைப் போடும். முன்னதான 'கேரேஜ் ரிட்டர்ன்' டைப்ரைட்டர் காலத்து மிச்சம், திரையில் தெரியாது. கிரெப் சொல் உள்ளே இருக்கிறதா என்று மட்டும் கேட்டது. நான் ஆக்கிடம் கேட்டதோ அச்சொட்டாக அதேதானா என்று. கடைசிக் கட்டத்தில் வால் ஒட்டிய 'அறுப்பு' வெறும் 'அறுப்பு' ஆகாது. வாலை வெட்டியதும் எண்கள் கொட்டின.

மிச்சம் வரிகளை வரிசையாக அடுக்கும் 'சார்ட்'. மறந்துவிட்டே நகரும் இந்தக் கூட்டத்தில் அதற்கு மட்டும் அந்த வசதி இல்லை. கடைசி வரியைப் பார்க்காமல் முதல் வரி எது என்று சொல்ல முடியாதே. பெரிய ஃபைலானால் துண்டு துண்டாக அடுக்கி வட்டில் வைத்து, பிறகு ஒன்றாகக் கோக்கும். இங்கே சில நூறு வரிகள்தான். எண்ணாக அடுக்கச் சொல்ல மறந்ததால் 9 அறுப்பு 112க்கு மேலே ஏறியது தனிக் கதை. திருத்தியதும் 412ஆம் கதிர் உச்சியில் நின்றது.

மறுநாள் அண்ணன் போனில் கூப்பிட்டார். அந்தக் கதிரைச் சுற்றியுள்ள ரிங் என்ற வளையம் தேய்ந்து கிடந்ததாம். "நைட் ஷிஃப்ட்ல நூல் ஒட்டற அம்மா போன மாசமே சொல்லுச்சு கண்ணு. நாந்தான் காதுல வாங்கல."