நன்னீர்த் தொட்டியில் புரோட்டீன் ஸ்கிம்மர் எதற்கு?

சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குத் தொட்டி சுத்தம் செய்யப் போயிருந்தேன். 80 லிட்டர் தொட்டியில் ஆறு கோல்டுஃபிஷ். ஓரத்தில் புத்தம்புதிய புரோட்டீன் ஸ்கிம்மர், அதாவது தண்ணீரில் காற்றுக்குமிழி விட்டுக் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி. பத்து நாளாக ஓடியும் அதன் கிண்ணம் கழுவிக் கவிழ்த்ததுபோல் காய்ந்து கிடந்தது. “நுரையே வரவில்லை சார், பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள்” என்று புலம்பினார். கருவி நன்றாகத்தான் இருந்தது.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் கரையும் புரதங்கள் காற்றுக்குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, நுரையாக ஏறிக் கிண்ணத்தில் வழிய வேண்டும். அதற்குக் குமிழிகள் பொடிப்பொடியாக இருந்தாக வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் சேர்வதில்லை. நன்னீரிலோ இரண்டு தொட்டால் ஒன்றாகிப் பெருத்து, சட்டென்று மேலே வந்து உடைந்துவிடும்.

அவர் வீட்டுச் சமையல் மேடையிலேயே செய்து காட்டினேன். இரண்டு ஜாடித் தண்ணீர், ஒன்றில் மட்டும் உப்பு, இரண்டிலும் காற்றைக் குமிழிகளாக விடும் ஏர் ஸ்டோன். உப்பு ஜாடி பால்போல் வெளுத்தது. மற்றதில் சோற்றுப்பானை கொதிப்பதுபோல் பெரிய பெரிய குமிழிகள்.

“அப்படியானால் தொட்டியிலும் உப்பைப் போட்டுவிடலாமே?” என்றார். பதறிவிட்டேன். அவ்வளவு உப்பில் கோல்டுஃபிஷ் பிழைக்காது.

கழிவு மிகுந்த கோய் (வண்ணக் கெண்டை மீன்) குளங்களிலும் மீன் பண்ணைகளிலும் நன்னீருக்கென வடிவமைத்த உயரமான நுரைப்பிரிப்பான்கள் வேலை செய்வதுண்டு. வீட்டுத் தொட்டிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நீர்மேல் படியும் எண்ணெய்ப் படலத்தை உறிஞ்சும் சர்ஃபேஸ் ஸ்கிம்மர் வேறு பொருள். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கடையில் மாற்றி வாங்கிவிடுகிறார்கள்.

இவருடைய உண்மையான சிக்கல் கூட்டம். ஆறு கோல்டுஃபிஷுக்கு 80 லிட்டர் எந்த மூலைக்கு? ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நைட்ரேட் வெளியேற, வாரம் கால்பங்கு தண்ணீரை மாற்றுவதுதான் எளிய வழி. குழாய்த் தண்ணீரானால் குளோரினை நீக்கிவிட்டு ஊற்றுங்கள். நான்கு மீன்களை அவருடைய தம்பி வீட்டுச் சிமெண்ட் தொட்டிக்கு அனுப்பினோம்.

நன்னீர்த் தொட்டியில் திடீரென்று நுரை கட்டி நின்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். யாராவது சோப்புக் கையை விட்டார்களா என்று கேளுங்கள்; இல்லையென்றால் கல்லுக்குப் பின்னால் செத்த மீன் கிடக்கிறதா என்று பாருங்கள்.