நிவாரண லாரி கிளம்பும் முன்

எங்காவது வெள்ளம், நிலச்சரிவு என்று செய்தி வந்தால் அன்று மாலையே கொங்குப் பக்கம் பந்தல் போட்டுப் பொருள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். திருப்பூரில் துணி, கரூரில் போர்வையும் கொசுவலையும், காங்கேயத்தில் அரிசி, சங்ககிரியில் லாரி என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கொடுக்கிற மனதுக்கும் இங்கே குறைவில்லை. ஆனாலும் அனுப்பியதில் ஒரு பங்கு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தும் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. அங்கே என்ன வேண்டும் என்று கேட்காமல் சேர்ப்பதும், சேர்த்ததைப் பிரிக்காமல் ஏற்றுவதும்தான் காரணம்.

முதலில் பழைய துணி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரமெல்லாம் பழைய துணி குவிந்து கிடந்தது. அதை உடுத்த மனமில்லாமல் ஒதுங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. மூட்டையைப் பிரித்தால் ஜிப் போன பேண்ட், சாயம் போன சுடிதார், ஒற்றைச் செருப்பு எல்லாம் கலந்து வரும். தரம் பிரிக்கப் பத்துப் பேர் உட்கார வேண்டும். அவர்கள் சமையலிலும் தண்ணீர் ஊற்றுவதிலும் இருக்க வேண்டிய ஆட்கள். ஒரு மழையில் நனைந்துவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும், பிறகு அள்ளிக் கொட்டும் செலவு அந்த ஊர் நகராட்சி தலையில் விழும்.

புதுத் துணி அனுப்புவதிலும் தப்பு நடக்கிறது. எக்ஸ்போர்ட் மிச்சம் எளிதாகக் கிடைப்பதால் லாரி முழுக்க ஆண்கள் டி-ஷர்ட் ஏறும், அதுவும் வெளிநாட்டு அளவில். நிவாரணப் பணிக்கான குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் 'ஸ்பியர்' கையேடு, ஒருவருக்குச் சரியான அளவில் இரண்டு முழு செட் உடை என்கிறது. உள்ளாடை இல்லாமல் அது முழு செட் ஆகாது. உடுத்திய துணியோடு ஓடி வந்த பெண் ஜட்டி, பிரா, பாவாடை, நாப்கின் வேண்டும் என்று மைக் பிடித்த தன்னார்வலரிடம் கேட்க மாட்டாள். ஜட்டியும் பிராவும் திருப்பூரிலேயே தைக்கிறார்கள். கேட்கும் வரை காத்திருக்காமல் அனுப்பலாம் என்றால் அது இந்தப் பெண்கள் சரக்கு மட்டும்தான்.

பேக்கிங்கை ஏற்றுமதி ஆர்டர் மாதிரியே செய்யுங்கள், ஒரு மாற்றத்தோடு: ரேஷியோ பேக்கிங், அதாவது ஒரே பெட்டியில் பல அளவுகளைக் கலந்து அடுக்குவது, வேண்டாம். ஒரு பெட்டியில் ஒரே பொருள், ஒரே அளவு. எல்லா அளவும் கலந்திருந்தால் ஆறு வயதுக் குழந்தைக்கு ஒரு சட்டை எடுக்க ஆறு பெட்டியைக் கவிழ்க்க வேண்டியிருக்கும். ஐந்து அடுக்கு அட்டைப் பெட்டி, உள்ளே பாலித்தீன் கவர், எடை 20 கிலோவுக்குள். கடைசி ஒரு கிலோமீட்டர் தலைச்சுமையாகவே போகும். இரண்டு பக்கத்திலும் பொருள், அளவு, எண்ணிக்கை, பெட்டி எண் எழுதி, மேலே செல்லோடேப் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் மார்க்கர் மழையில் கரைந்துவிடும். கேரளத்துக்குப் போகிற பெட்டியில் மலையாளத்திலும் இருக்கட்டும். பேக்கிங் லிஸ்ட் ஓட்டுநரிடம் ஒன்று, பெறுபவருக்கு முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் ஒன்று.

மலைப் பகுதிக்குப் பருத்திப் போர்வை சரிப்படாது. 2024 ஜூலை 30-இல் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் சிக்கியது அடைமழைக் காலத்தில். அப்படிப்பட்ட ஈரத்தில் நனைந்த பருத்தி காயவே காயாது. பாலியெஸ்டர் ஃபிலீஸ் போர்வை லேசானது, சீக்கிரம் காயும். தார்ப்பாய் என்றால் 4 மீட்டருக்கு 6 மீட்டர், ஓரத்தில் ஐலெட் (கயிறு கோக்கும் வளையம்) வைத்தது, கூடவே கயிறு. லாரிக்குப் போடும் கேன்வாஸை ஒரு குடும்பம் தூக்கிக் கட்ட முடியாது.

தண்ணீர் பாட்டில் அனுப்பும் முன் ஒரு கணக்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஸ்பியர் அளவு 15 லிட்டர். 500 பேருக்கு 7,500 லிட்டர், அதாவது ஏழரை டன். பத்து டன் லாரி ஒன்றரை நாளுக்குக்கூடத் தாங்காது. பாட்டில் முதல் நாள் தாகத்துக்கு மட்டும். அதன் பிறகு மூடியுள்ள 10 லிட்டர் கேன்களும் குளோரின் மாத்திரையும் போனால் போதும். ப்ளீச்சிங் பவுடரை அரிசி மூட்டையோடு ஒரே லாரியில் ஏற்றவே கூடாது. மூட்டை கசிந்தால் அரிசி போச்சு.

பால் பவுடரும் ஃபீடிங் பாட்டிலும் சேர்க்காதீர்கள். சுத்தமில்லாத தண்ணீரில் கரைத்தால் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும், தாய்ப்பாலும் குறையும். வீட்டில் மிஞ்சிய மாத்திரை அட்டைகளும் வேண்டாம்.

நாடு தாண்டிப் போகிற உதவிக்கு வேறு விதிகள். 1991-இல் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய 46/182 தீர்மானப்படி, பாதிக்கப்பட்ட நாட்டின் சம்மதத்தோடுதான் உதவி நுழைய வேண்டும். 2015 நேபாள நிலநடுக்கத்தில் காத்மாண்டு விமான நிலையத்தின் ஒரே ஓடுபாதைக்கு உலகமே சரக்கு அனுப்ப, சுங்கத்திலும் தேங்கியது. எனவே அந்த நாட்டில் சரக்கைப் பெற எழுத்து மூலம் ஒப்புக்கொண்ட ஒரு நிறுவனம், வரி விலக்குக் கடிதம், இரண்டும் கையில் வந்த பிறகே தூத்துக்குடிக்குக் கன்டெய்னரை ஏற்றுங்கள். பெறுநர் இல்லாத கன்டெய்னருக்கு டெமரேஜ், அதாவது துறைமுகத் தாமதக் கட்டணம், நாள் கணக்கில் ஏறும். சரக்கை அடுக்கும் மரப் பேலட்டில் வெப்பச் சிகிச்சை முத்திரை வேண்டும் என்பது ஏற்றுமதியாளர்களுக்குத் தெரிந்ததே. அவசரத்தில் மறப்பதும் அதைத்தான்.

வெளிநாட்டிலிருந்து நம் பக்கம் வரும் பணத்துக்கும் எச்சரிக்கை தேவை. துபாயில் இருக்கும் இந்தியக் குடிமகன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அண்ணன் அனுப்பினால் ஆகும். அதை ஒரு அமைப்பு பெற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கான கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற அமைப்பு வாங்கி வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது.

பந்தல் பிரித்த பிறகு, மூன்றாவது வாரத்தில்தான் வீட்டைக் கழுவும் வேலை தொடங்கும். கோவை பம்புகள் தேவைப்படுவது அப்போதுதான். தோட்டத்து மோனோபிளாக்கை (மோட்டாரும் பம்பும் ஒன்றான மின் பம்பு) அனுப்பினால் சேறு அடைத்துக்கொள்ளும், மின்சாரமும் இருக்காது. டீசலில் ஓடும் சேற்றுப் பம்பு, கூடவே ஹோஸ், கிளாம்ப், இரண்டு நாள் டீசல், கழற்றி மாட்டத் தெரிந்த ஒரு ஃபிட்டர். ஃபிட்டர் போகவில்லை என்றால் பம்பும் போக வேண்டாம்.