ஐந்தில் ஒரு புள்ளிதான் அசல்: டிவிடி பெரிய திரைக்கு வரும் கதை

டிவிடி பிளேயரின் அட்டைப்பெட்டியில் ‘1080பி அப்ஸ்கேலிங்’ (படத்தை 1080 கோடுகளுக்கு நீட்டிக் காட்டுவது) என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், வாங்குவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்த் தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) முறை டிவிடியில் ஒரு ஃபிரேம் என்பது குறுக்கே 720 பிக்சல், நெடுக்கே 576. பெருக்கினால் 4,14,720. ஃபுல் எச்டி திரையில் இருப்பதோ 1920 பெருக்கல் 1080, அதாவது 20,73,600. மிச்சம் மீதி இல்லாமல் சரியாக ஐந்து மடங்கு. திரையில் தெரியும் ஐந்து புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் வட்டில் ஆதாரம் உண்டு. பாக்கி நான்கும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பியவை. 4கே டிவி என்றால் இருபதில் ஒன்றுதான் அசல்.

இந்தக் கணக்கை யார் போடுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எல்சிடி, ஓஎல்இடி, புரொஜெக்டர் எதுவானாலும் அதில் பிக்சல்களின் எண்ணிக்கை மாறாது. எந்த சிக்னல் வந்தாலும் அதைத் தன் முழு எண்ணிக்கைக்கு நீட்டித்தான் காட்டியாக வேண்டும். ஆகவே சாதாரண பிளேயரை மாட்டினாலும் அப்ஸ்கேலிங் நடக்கத்தான் செய்யும். டிவிக்குள் இருக்கும் சிப் அதைச் செய்துவிடும். அப்ஸ்கேலிங் பிளேயர் என்பது அந்த வேலையை டிவியிடமிருந்து வாங்கித் தானே செய்துகொடுக்கும் கருவி, அவ்வளவுதான். நல்ல டிவியோடு மட்டமான பிளேயரைச் சேர்த்து 1080பி-யில் ஓட்டினால், கைதேர்ந்தவரை உட்கார வைத்துவிட்டுக் கற்றுக்குட்டியிடம் வேலையைக் கொடுத்ததாகிவிடும்.

உண்மையில் நீட்டுவது பெரிய வித்தை அல்ல. இரண்டு பிக்சல்களுக்கு நடுவே புதிதாக ஒன்று வேண்டுமென்றால் இரண்டின் சராசரியைப் போடுவது எளிய வழி. பைக்யூபிக் முறையில் சுற்றியுள்ள 16 பிக்சல்களைப் பார்ப்பார்கள். ஓரங்கள் இன்னும் மழமழவென்று வரும். அதற்கு மேல் கூர்மையைக் கூட்டினால் கறுப்புத் தலைமுடியைச் சுற்றி வெளிர் கோடு ஒன்று படர்வதைப் பார்க்கலாம். பல டிவிடிகளில் தயாரிக்கும்போதே செயற்கைக் கூர்மை ஏற்றியிருப்பார்கள் என்பதால், டிவியின் ஷார்ப்னஸை நன்றாகக் குறைத்து வைப்பது நல்லது. வட்டில் பதியாத விவரத்தை எந்தச் சிப்பாலும் கொண்டுவர முடியாது.

சிப்பின் தரம் வெளிப்படும் இடம் வேறு: டீஇன்டர்லேசிங், அதாவது அரைப்படங்களை முழுப்படமாக்குவது. ‘பால்’ டிவிடியிலிருந்து வருவது விநாடிக்கு 50 அரைப்படங்கள். முதல் அரைப்படத்தில் ஒற்றைப்படைக் கோடுகள் 288, அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள் 288. இரண்டையும் பின்னினால் முழுப்படம். சினிமா ஃபிலிமிலிருந்து எடுத்த டிவிடியில் இரண்டு அரைப்படமும் ஒரே ஃபிரேமிலிருந்து வருவதால் பின்னினாலே போதும், முழு விவரமும் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் வீடியோ கேமராவில் எடுத்த கல்யாண டிவிடியையோ கிரிக்கெட் தொகுப்பையோ போடுங்கள். அங்கே ஒற்றைக் கோடுகளுக்கும் இரட்டைக் கோடுகளுக்கும் நடுவே விநாடியில் 50-ல் ஒரு பங்கு ஓடியிருக்கும். அதற்குள் அட்சதை தூவும் கை நகர்ந்திருக்கும். அப்படியே பின்னினால் அந்தக் கையின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். பின்னாமல் ஒவ்வொரு அரைப்படத்தையும் தனித்தனியாக நீட்டினால் பல் போய்விடும், ஆனால் பாதி விவரமும் கூடவே போய்விடும். மெல்லிய கிடைக்கோடுகள் துடிக்கும்.

நல்ல சிப் இரண்டையும் கலந்து செய்யும். அசையாத மண்டபத் தூணைப் பின்னும். அசையும் கையை மட்டும் நீட்டும். எது அசைகிறது, எது அசையவில்லை என்பதைப் பிக்சல் பிக்சலாக முடிவு செய்ய வேண்டும், அதுவும் ஓடுகிற ஓட்டத்தில். அப்படி நீட்டும்போது சாய்ந்த கோடுகள் படிக்கட்டு படிக்கட்டாக உடையும். பந்தை அடிக்கச் சுழலும் மட்டையின் ஓரத்தில் இதை அப்பட்டமாகக் காணலாம். கோடு எந்தத் திசையில் சாய்கிறது என்று முதலில் கண்டுபிடித்து அந்தத் திசையிலேயே நிரப்பும் டிசிடிஐ நுட்பம் இதற்காக வந்தது. இந்தத் துறையின் முன்னோடி ஈவ் ஃபரூஜாவின் பெயரைத் தாங்கிய சிப்புகளில் அது இருந்தது. 2000-களின் நடுவில் ஹோம் தியேட்டர் பைத்தியங்கள் பிளேயருக்குள் எந்தச் சிப் என்று விசாரித்து வாங்கியதற்கும், ஓப்போவின் பிளேயர்களுக்கு அவ்வளவு மவுசு இருந்ததற்கும் இதுவே காரணம். பெட்டியில் போட்டிருக்கும் 1080 என்ற எண் இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தமிழ்ப் பட டிவிடிகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வெளிநாட்டுத் தமிழர்களை மனதில் வைத்து வெளியான பல வட்டுகள் அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் உள்ளவை: 480 கோடுகள், விநாடிக்கு ஏறக்குறைய 60 அரைப்படங்கள். ஃபிலிமில் இருப்பதோ விநாடிக்கு 24 ஃபிரேம். எனவே ஒரு ஃபிரேமை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையும் காட்டி 60-க்கு ஈடுகட்டுவார்கள். நல்ல பிளேயர் இந்த மூன்று-இரண்டு தாளத்தைப் பிடித்துக்கொண்டு அசல் 24-ஐ மீட்டுவிடும். எடிட்டிங்கில் தாளம் தப்பிய இடத்தில் சுமாரான பிளேயர் தடுமாறி ஒரு கணம் சீப்புப் பல்லைக் காட்டும். முதலில் ‘பால்’ டேப்பில் ஏற்றி, பிறகு அதை என்டிஎஸ்சிக்கு மாற்றிய வட்டுகளும் உண்டு. அவற்றில் ஃபிரேம்கள் ஒன்றோடொன்று கரைந்து, நடப்பவருக்குப் பின்னால் ஒரு நிழல் உருவம் ஒட்டிக்கொண்டே வரும். அதற்கு மருந்து கிடையாது.

‘பால்’ முறைக்கும் ஒரு கோணல் உண்டு. 24 ஃபிரேமை 25 ஆக ஓட்டுவதால் இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்ட வட்டில் பாடகரின் குரல் அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும். காது கூர்மையானவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நிறத்தின் நிலைமை இன்னும் மோசம். வெளிச்சத்துக்கு 720 பெருக்கல் 576 என்றால் நிறத்துக்கு 360 பெருக்கல் 288 மட்டுமே. நம் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிக்காது என்ற தைரியத்தில் டிவிடியின் படச்சுருக்க முறையான எம்பெக்-2 அப்படிச் சேமிக்கிறது. ஆக ஃபுல் எச்டி திரையிலேயே நிறத்துக்கு இருபதில் ஒரு புள்ளிதான் ஆதாரம். இதைத் தப்பாக விரிக்கும் பிளேயர்கள் இருக்கின்றன. அரக்குச் சிவப்புப் புடவை ஒன்று வரும் காட்சியில் படத்தை நிறுத்தி, திரைக்கு அருகே போய்ப் பாருங்கள். முந்தானையின் சாய்ந்த ஓரத்தில் சிவப்பு மட்டும் கிடைமட்டக் கீறல்களாகத் துருத்திக்கொண்டிருந்தால் கோளாறு பிளேயரில். ரிமோட்டில் எதை அழுத்தினாலும் போகாது. பிளேயரிலிருந்து 576ஐ (576i; ‘ஐ’ என்றால் பின்னாத அரைப்படங்கள், ‘பி’ என்றால் முழுப்படம்) ஆகவே அனுப்பி மிச்ச வேலையை டிவியிடம் விட்டால் சில சமயம் சரியாகும்.

அதனால்தான் வாங்கும்போது எச்டிஎம்ஐ வழியே 576ஐ, 480ஐ சிக்னல்களை அப்படியே வெளியே விடும் பிளேயரா என்று பார்க்கச் சொல்வேன். சில பிளேயர்களின் மெனுவில் இது ‘சோர்ஸ் டைரக்ட்’ என்று இருக்கும். ஒரே காட்சியை ஒருமுறை அப்படியும் ஒருமுறை 1080பி-யிலும் ஓட்டி, எது கண்ணுக்கு நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். பழைய புரொஜெக்டர் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பிளேயர் ஜெயிக்கும். அண்மைக்கால நல்ல டிவிகளில் டிவி ஜெயிக்கும். 1366 பெருக்கல் 768 பேனல் உள்ள ‘எச்டி ரெடி’ டிவிக்கு 1080ஐ அனுப்புவது வீண்: பிளேயர் நீட்டியதை டிவி மறுபடி பிரித்து, பின்னி, சுருக்கும். ஓப்போ 2018-லேயே பிளேயர் தயாரிப்பை நிறுத்திவிட்ட நிலையில், இன்று தனி டிவிடி பிளேயர் தேடுவதைவிட ப்ளூரே பிளேயர் ஒன்றை வாங்குவதே புத்திசாலித்தனம். டிவிடியையும் அது நீட்டிக் காட்டும். டிவிடிக்கு மண்டலப் பூட்டும் உண்டு, ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. இந்தியா ஐந்தாம் மண்டலம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் பிளேயர் முதல் மண்டலம். ‘பால்’ வட்டையே பல அமெரிக்க மாடல்கள் ஏற்காது.

மாட்டிய பிறகு வரும் தொல்லைகளில் முதலாவது, படமே வராதது. டிவி ஏற்காத ரெசல்யூஷனில் பிளேயர் நிற்கலாம். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏவி வயரைத் தற்காலிகமாக மாட்டினால் மெனு தெரியும், அங்கே குறைத்துவிடலாம். அது இல்லையென்றால் எச்டிசிபி என்னும் நகல் தடுப்புப் பூட்டு. பிளேயரும் டிவியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் படம் போகும். நடுவில் ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதைக் கழற்றி, நேராக டிவியில் மாட்டி, டிவியை முதலில் போட்டுப் பிளேயரைப் பிறகு போட்டுப் பாருங்கள். பூட்டுப் போட்ட டிவிடிகளை காம்பொனன்ட் (பச்சை-நீலம்-சிவப்பு) வயர் வழியே 1080-க்கு நீட்டித் தர உரிம விதிகளில் இடமில்லை. வயரை மாற்றி ஏமாற்றலாம் என்று நினைக்க வேண்டாம்.

கறுப்பு சாம்பலாக வெளிறினாலோ, இருட்டில் இருப்பதெல்லாம் தாரில் அமிழ்ந்தாலோ, ஒரு கருவி கறுப்பை 16 என்றும் மற்றது 0 என்றும் எண்ணிக்கொண்டிருக்கிறது; இரண்டின் மெனுவிலும் ஆர்ஜிபி ரேஞ்சை ஒன்றாக்குங்கள். ஓரம் வெட்டுப்பட்டால் டிவியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’டைத் தேடுங்கள். நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம் வந்தால் குற்றவாளி வட்டுதான். அகலத்திரைப் படத்தை 16:9 வடிவில் பதிந்தால் 576-ல் 436 கோடு படத்துக்குக் கிடைக்கும். பழைய 4:3 சட்டத்துக்குள் அடக்கினால் 327 மட்டுமே. தமிழ் டிவிடிகள் பலவும் இந்த இரண்டாவது ரகம். ஜூம் செய்யலாம் என்றால் 1080 சிக்னல் வரும்போது பல டிவிகள் ஜூமைப் பூட்டிவிடும். அந்த வட்டுக்கு மட்டும் பிளேயரை 576பி-க்கு இறக்கி, ஜூமை டிவியில் போடுங்கள்.

படம் பாதியில், அதுவும் இடைவேளை வாக்கில் உறைந்து நின்றால் இன்னொன்றைச் சந்தேகிக்க வேண்டும். 8.5 ஜிபி வட்டில் இரண்டு அடுக்குகள். முதல் அடுக்கு முடிந்ததும் லேசர் தன் குவியத்தை மாற்றி, முதல் அடுக்கை ஊடுருவி இரண்டாவதைப் படிக்க வேண்டும். களைத்த லேசர் அங்கேதான் திணறும். 4.7 ஜிபி வட்டு ஒன்று சுத்தமாக ஓடி, இரட்டை அடுக்கு வட்டுகள் மட்டும் அடுத்தடுத்து நின்றால் லேசர் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஒரே ஒரு வட்டு மட்டும் நின்றால் அதை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் துணி போடும் கீறல் தடத்தின் வழியே நீளும். பிழைதிருத்தும் கணக்கு ஈடுகட்ட முடியாத அளவுக்குத் தொடர்ச்சியாகத் தரவு போய்விடும்.